ஷட்டர் ஓரத்து நீலக் கார்

பதினொரு கார்கள் எரிந்தன. அதில் பத்துக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டில் இதைச் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பத்தும் என் கணவரும் அவர் அண்ணனும் சேர்த்தவை. அவர் அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கிள்ளானில் லோரி கம்பெனி நடத்துகிறவர். எந்தக் கார் எந்த வருடத்தது, எத்தனை சிலிண்டர், உலகத்தில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் வேண்டுமென்றே அதில் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு இது கறுப்பு, அது வெள்ளை, அந்த மூலையில் இருப்பது கூரை இல்லாதது, அவ்வளவுதான். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை கல்யாணத்துக்கோ கண்காட்சிக்கோ ஒரு காரை லோரியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். இறக்கி, துடைத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டு மறுபடியும் லோரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். ஓடாத காருக்கு அவ்வளவு பணிவிடை. நான் டெங்கி வந்து படுத்திருந்தபோது என் கணவர் ஒரு நாள்தான் லீவு போட்டார். அந்தக் கறுப்புக் காருக்கு இங்கிலாந்திலிருந்து ஏதோ ஒரு பித்தளைக் குமிழ் வந்த வாரம் மூன்று நாள் போட்டார்.

பதினோராவது கார் என் அப்பாவுடையது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஊரைவிட்டுப் போகும் ஒரு வாத்தியாரிடமிருந்து வாங்கியது. வெளிர் நீலம், நாலு கதவு, ஏர்கோன் கிடையாது. அப்பா காலமான பிறகு என் அண்ணன் அதை வேண்டாம் என்று சொன்னதால் எனக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் அதில்தான் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போனேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஃபெடரல் ஹைவே ஜாமில் நின்றால் முதுகு நனைந்து சேலை ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் காரில் இருப்பவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்தக் காரில் ஏறினால் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஆள் இல்லை. என் பெயரில் இந்த உலகத்தில் இருந்த ஒரே பொருள் அதுதான்.

தீ பிடிப்பதற்கு நாலு வருடம் முன்னால் ஒரு நாள் கியர் இறுகிப்போனது. "ஒரு மாசம் குடும்மா, நான் செஞ்சு தரேன்" என்றார் பெரியத்தான். தெலுக் பங்லிமா காராங்கில் வரிசையாக இருக்கும் சிறு தொழிற்சாலைக் கட்டடங்களில் ஒன்றை அண்ணனும் தம்பியும் வாடகைக்கு எடுத்து, அதில்தான் கார்களை நிறுத்தியிருந்தார்கள். என் காரும் அங்கே போனது. சொன்னபடியே ஒரு மாதத்தில் கியரைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் கார் திரும்பி வரவில்லை.

"இனிமே இத தெனமும் ஓட்டக் கூடாதும்மா. இது கிளாசிக் ஆயிடுச்சு. நீ பாட்டுக்கு பிரிக்பீல்ட்ஸ்ல எங்கயாவது நிறுத்துவ, எவனாவது மோட்டர் சைக்கிள்ல வந்து கோடு போட்டுட்டுப் போவான்."

என் கார் எப்போது இவர்களுக்கு கிளாசிக் ஆனது என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு சின்ன வெள்ளை ஆட்டோ கியர் கார் வாங்கித் தந்தார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கூத்து. கார்களை அவர்கள் மதிப்புப்படி நிறுத்துவார்கள். உசத்தியானவை உள்ளே, சுவர் ஓரமாக, துணி போர்த்தி. என் காரை ஷட்டரை ஒட்டி வாசலிலேயே விட்டிருந்தார்கள். ஷட்டருக்கு அடியில் மழைத் தண்ணீர் வரும், புழுதி வரும், பூனை வந்து பானெட் மேல் படுத்திருக்கும். "கிளாசிக்னு சொல்லி எடுத்துக்கிட்டீங்க, அப்ப ஏன் அது மட்டும் வாசல்ல நிக்குது?" என்று கேட்டேன். பெரியத்தான் சிரித்தார். "அது இன்னும் ஜூனியர் லா" என்றார். அந்தச் சிரிப்புக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

நாலு வருடம் கேட்டேன். சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், மறுபடியும் கேட்டேன். கடைசியில் போன வருடம் ஒரு நாள், இழுவை லோரியோடு வந்து நானே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பெரியத்தானுக்கு வெளியாட்கள் முன்னால் அவமானம் என்றால் தாங்காது. அப்போதுதான் இறங்கி வந்தார்.

"சரிம்மா. ஆயுத பூஜை முடியட்டும். மறுநாள் விஜயதசமி காலையில மறுபூஜை போட்டதும் சாவிய ஒன் கையில தரேன். நல்ல நாள். நீயே ஓட்டிக்கிட்டுப் போ."

நான் நாள் எண்ணினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வயதில் நாட்காட்டியில் பேனாவால் வட்டம் போட்டேன்.

ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே தெலுக் பங்லிமா காராங்குக்குப் போய்விட்டோம். பதினொரு காரையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் ஏற்றி, வாசலில் நீத்துப்பூசணி உடைத்தார்கள். கற்பூரம் அணைந்ததா என்று நானே குனிந்து பார்த்தேன். பிறகு ஊர்வாய் அந்தக் கற்பூரத்தைப் பற்றிப் பேசியபோது நான் இதை எத்தனையோ பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தீ எங்கள் இடத்தில் பிடிக்கவில்லை. தீயணைப்புத் துறையும் அதைத்தான் சொன்னது.

பூஜை முடிந்ததும் பெரியத்தான் பெரிய பித்தளைத் தட்டை எடுத்தார். பதினொரு கார் சாவி, ஸ்பேனர் செட், ஷட்டர் பூட்டின் சாவி எல்லாம் அதில் ஏறின. அதை கிள்ளானில் அவர் வீட்டு சாமி அறையில் வைத்து, மறுபூஜை வரை தொடாமல் விட வேண்டும். வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் அந்த வருடம் அவருக்குப் பக்தி கூடிப்போயிருந்தது. காவலர் அறையில் ஆணியில் தொங்கும் இன்னொரு ஷட்டர் சாவியையும் கேட்டார்.

காவலர் நேபாளத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். அந்த வரிசைக் கட்டடங்கள் முழுக்க அவர் ஒருவர்தான் பகல் காவல். சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏதோ கேட்டார். பெரியத்தான் "பெசோக், பெசோக்" என்று கையை ஆட்டினார். நாளைக்குத் தருகிறேன் என்று அர்த்தம்.

பிறகு அவர் தன் கைப்பேசியையும் அணைத்துத் தட்டில் வைத்தார்.

"எனக்கு இதுதான் ஆயுதம். இதுவும் ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

அண்ணன் செய்தால் தம்பி செய்ய வேண்டுமே. என் கணவரும் தன் கைப்பேசியை அணைத்து அதன் பக்கத்தில் வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "சமையல் பாக்குறவங்களுக்கு கரண்டிதான் ஆயுதம். அத வெச்சா ஒங்களுக்குச் சோறு கெடைக்காது" என்றேன். பெரியத்தானின் மனைவி மட்டும் சிரித்தார்.

பெரியத்தான் வீட்டில் மதியம் வாழை இலை போட்டுச் சாப்பாடு. ஆண்கள் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்து மல்லாந்துவிட்டார்கள். நானும் பெரியத்தான் மனைவியும் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தோம். அப்போது என் கைப்பேசி அடித்தது. தெரியாத நம்பர். நான் எடுக்கவில்லை.

இந்த ஊரில் இப்போது யார்தான் தெரியாத நம்பரை எடுக்கிறார்கள்? அந்த வாரத்தில் மட்டும் எனக்கு மூன்று மோசடிக்காரர்கள் அடித்திருந்தார்கள். ஒருவன் போலீஸ் என்றான், ஒருத்தி என் பெயரில் பார்சல் மாட்டிக்கொண்டது என்றாள், இன்னொருவன் பேங்க் என்று சொல்லி என் பெயரைத் தப்பாகச் சொன்னான். கைப்பேசி இரண்டாவது தடவை அடித்தது. மூன்றாவது தடவை அடித்தது. ஞாயிற்றுக்கிழமை கூட இவன்களுக்கு ஓய்வு இல்லை என்று பெரியத்தான் மனைவியிடம் சொன்னேன். நான்காவது தடவை அடித்தபோது கையைத் துடைத்துக்கொண்டு, கட் பண்ணி, அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு மறுபடியும் சட்டியைத் தேய்த்தேன்.

அரை மணி நேரம் கழித்துப் பெரியத்தான் மனைவிக்கு வாட்ஸ்ஆப்பில் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். தெலுக் பங்லிமா காராங் சாலையிலிருந்து எடுத்தது. கரும்புகை வானத்துக்குப் போகிறது. அவர் அதை இரண்டு தடவை பார்த்தார்.

"இது நம்ம எடம் மாதிரி இல்ல?"

எங்களுக்கு அடுத்த கட்டடம் மெத்தைக்கு ஸ்பாஞ்ச் அடுக்கி வைக்கும் கிடங்கு. தீ பிடித்தது அங்கே. நான் ஹாலுக்கு ஓடி ஆண்களை எழுப்பினேன். என் கணவர் எழுந்து நேராக சாமி அறைக்குப் போனார். பெரியத்தான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். மறுபூஜை போடாத தட்டிலிருந்து அப்படியே சாவியை எடுக்கக் கூடாதாம். கற்பூரம் தேடினார். தீப்பெட்டி தேடினார். ஏற்றி, காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மா மன்னிச்சிரு என்று சொல்லிவிட்டுத்தான் தட்டைத் தொட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட் அருகே நின்று அவரை எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையாலும் மனதுக்குள் ஏசினேன்.

பெரியத்தான் மனைவிதான் காரை ஓட்டினார். போகும் வழியில், பின் சீட்டில் என் கணவர் பக்கத்தில் இருந்தபடி, அண்ணனும் தம்பியும் தங்கள் கைப்பேசிகளைத் திறப்பதைப் பார்த்தேன். என் கணவரின் கைப்பேசியில் தவறிய அழைப்புகளைச் சொல்லும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே நம்பர். அதன் கடைசி நாலு எண்களைப் பார்த்தேன். என் கைப்பேசியை எடுத்து மடியில் மறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அதே நம்பர்தான். கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது போம்பா தீயணைப்பு வண்டிகள் மூன்று நின்றன. பூட்டை வெட்டி ஷட்டரைக் கிழித்திருந்தார்கள். நடுச்சுவர் எங்கள் பக்கம் விழுந்து, கூரைத் தகரம் மொத்தமும் கார்கள் மேல் படுத்திருந்தது. அருகே விடவில்லை. சாயங்காலம் புகை குறைந்த பிறகுதான் வாசல் வரை போக முடிந்தது. ஸ்பாஞ்ச் எரிந்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் கணுக்கால் வரை. கறுப்பு எது, வெள்ளை எது என்று இல்லை. எல்லாமே சாம்பல் பூத்த ஒரே நிறம். கண்ணாடிகள் உருகி வழிந்திருந்தன. பெரியத்தான் ஒவ்வொரு கூடாகக் கையை நீட்டி, அதன் பெயரையும் வருடத்தையும் சொல்லி அழுதார். அவர் அம்மா போனபோது கூட அப்படி அழுததை நான் பார்த்ததில்லை.

என் காரை அவர் சொல்லவில்லை. ஷட்டரை ஒட்டி நின்றதால் எனக்கே தெரிந்தது. ஸ்டியரிங் இருந்த இடத்தில் ஒரு கம்பி வளையம் மட்டும் இருந்தது. அதைத் தொட்டேன். இன்னும் சுட்டது.

அப்போதுதான் பெரியத்தான் கண்ணில் காவலர் பட்டார்.

காவலர் சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரும்புக் கம்பியால் பூட்டை உடைக்கப் பார்த்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, யாரோ மஞ்சள் மருந்து தடவிவிட்டிருந்தார்கள். பெரியத்தான் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். தூங்கினாயா, குடித்தாயா, ஏன் கூப்பிடவில்லை, உன்னை வேலையை விட்டே துரத்துகிறேன், போலீசில் கொடுக்கிறேன் என்று மலாயில் கத்தினார். அங்கே அவர் கார் கிளப் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கிளப் பெயர் போட்ட டீ-ஷர்ட்டோடு வந்து நின்றார்கள். ஒருவர் வரலாறே போச்சு என்று சொல்லிக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காவலரை அப்போதே தண்டித்துவிட்ட மாதிரி பார்த்தார்கள்.

"சாயா சூடா கால், பாஸ். செமுவா நொம்போர் சாயா கால்," என்றார் காவலர். கூப்பிட்டேன், எல்லா நம்பருக்கும் கூப்பிட்டேன் என்று.

எல்லா நம்பர் என்றால் மூன்று. காவலர் அறைச் சுவரில் அவசரத்துக்கு என்று ஒட்டிய தாளில் அண்ணன், தம்பி, மூன்றாவதாக நான். என் நம்பரை அங்கே எழுதியதை என் கணவர் என்னிடம் சொன்னதே இல்லை.

"பொய் சொல்றான்," என்றார் பெரியத்தான் நண்பர்களைப் பார்த்து. காவலர் தன் கைப்பேசியை நீட்டினார். பெரியத்தான் அதைப் பார்க்கவே இல்லை. காவலர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வாசலில் நின்ற நீலக் காரைக் கையால் காட்டி, ஷட்டர் சாவி இருந்திருந்தால் இதை நான் ஒரே ஆளாகத் தள்ளி வெளியே விட்டிருப்பேன், நேரம் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்க மாட்டேன். முதலில் வந்தது, பேசாமல் இரு என்ற எண்ணம்தான். நாலு வருடமாக நான் சேர்த்து வைத்த கோபம் அத்தனையும் நியாயமான கோபம். காவலர் கைப்பேசியில் இருக்கும் அழைப்புப் பட்டியலை இவர்கள் பார்த்தால் இனி நான் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை எடுத்து என் முகத்தில் வீசுவார்கள். கார் போன பிறகு என் கையில் மிஞ்சியிருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் இந்த ஆளுக்காக விட வேண்டுமா என்று யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். அதற்குள் பெரியத்தான் அவரை இன்னொரு முறை உலுக்கினார். மருந்து தடவிய கை சுவரில் உரசி, அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

நான் போய் அவர் கைப்பேசியை வாங்கினேன்.

"அவர விடுங்க பெரியத்தான். இங்க இருக்கு, பாருங்க. மொதல்ல ஒங்களுக்கு அஞ்சு தடவ, அப்புறம் ஒங்க தம்பிக்கு ஆறு தடவ. ரெண்டு பேரும் போன தட்டுல வெச்சிட்டுத் தூங்குனீங்க. இவர்கிட்ட இருந்த சாவியையும் நீங்கதான் கேட்டு வாங்கி தட்டுல வெச்சீங்க. அதுக்கு அப்புறம் எனக்கு நாலு தடவ அடிச்சிருக்காரு. ஸ்கேமர்னு நெனச்சு நான் கட் பண்ணிட்டேன். இவர் மேல என்ன தப்பு?"

மூன்று விஷயம் சொன்னேன். பெரியத்தான் காதில் விழுந்தது கடைசி விஷயம் மட்டும்தான்.

"நீ கட் பண்ணினியா?" என்றார்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பதினொரு கார் எரிந்து கிடக்கும் இடத்தில், அழுது வீங்கிய அந்த முகத்தில், நிம்மதி. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். காவலரின் சட்டையை விட்டுவிட்டார். கிளப் நண்பர்கள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவர் கறுப்புக் கார் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு குடும்பத்தில் கதை இப்படி நிலைத்துவிட்டது: போன் வந்தது, அவள் கட் பண்ணிவிட்டாள். தட்டும் சாவியும் கற்பூரம் தேடிய நேரமும் கதையிலிருந்து காணாமல் போயின. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, பாவம் அவளுக்கும் தெரியாதுதானே என்று என் முன்னாலேயே எனக்குப் பரிந்து பேசினார்கள். யாராவது நேரடியாகத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்தப் பரிவுக்கு முறுக்குத் தட்டைத்தான் நீட்டினேன். என் காரும் அதில் எரிந்தது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எண்ணிக்கைக்கு மட்டும் பதினொன்று என்று சொல்வார்கள்.

காவலரை அவருடைய கம்பெனி அந்த வாரமே வேறு எங்கோ மாற்றிவிட்டது. அவர் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் மறுபடியும் கூப்பிட்டேன். அன்றும் எடுக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

அவர் மாறிப்போன செய்தியை ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் கணவர்தான் சொன்னார். நான் அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமல் பேசினார். இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தது என்று குரலிலேயே தெரிந்தது.

"அவன எப்படியும் மாத்திட்டாங்க. நீ அன்னிக்குப் பேசாம இருந்திருக்கலாம்."

"அவர் மேல பழி போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கட்டுமே. அவன் மேல போட்டிருந்தா அது அவன்கூடவே போயிருக்கும். இப்ப அது வீட்டுக்குள்ள வந்திடுச்சு. நான் இல்ல தெனமும் ஒன் மூஞ்சியப் பாக்கணும்?"

இருபத்தாறு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சாப்பிட்டேன். பிறகு அவர் நாற்காலியை நகர்த்தி எழுந்து, தானே குழம்பை ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவர்தான் போட்டுக்கொள்கிறார்.